செட்டிநாட்டு வீட்டில் பேட்டரியுடன் சோலார்: ஆவணம் முதல் எர்த் வரை ஒரு வழிகாட்டி

சோலார் போட வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கியதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்பதுதான். விற்பவரும் அதற்கான விடையைத் தயாராக வைத்திருப்பார். ஆனால் பேட்டரியோடு ஓர் அமைப்பை வடிவமைக்கும்போது அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. மின்தடை வந்தால் வீட்டில் எவை எவை எத்தனை மணி நேரம் ஓடியே ஆக வேண்டும் என்ற பட்டியலை முதலில் எழுதினால், பேட்டரியின் அளவும் இன்வெர்ட்டரின் (பேனலும் பேட்டரியும் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) திறனும் பேனல்களின் எண்ணிக்கையும் அதிலிருந்து வரிசையாக வந்துவிடும். எங்கள் பூர்வீக வீட்டில் 3 கிலோவாட் அமைப்பைப் பொருத்தி முடிப்பதற்குள் பட்ட அலைச்சலில் பாதி, இந்த வரிசையை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வந்தது. மீதிப் பாதி, நம் வீடுகளின் பங்காளி உரிமையாலும் பழைய தளத்தாலும் பழைய வயரிங்காலும் வந்தது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இவை எல்லாமே பொருந்தும் என்பதால், செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. மின் இணைப்பின் பெயரை முதலில் சரிசெய்யுங்கள்

பேனல்கள் ஒன்றிரண்டு நாட்களில் மேலே ஏறிவிடும். பெயர் மாற்றம் அப்படி முடியாது. ஆகவே, எந்த நிறுவனத்திடமும் விலை கேட்பதற்கு முன் மின் கட்டண ரசீதை எடுத்து, இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அது ஐயா பெயரிலோ பாட்டையா பெயரிலோதான் இன்னும் இருக்கும். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் பெற வேண்டுமானால், விண்ணப்பிப்பவரின் பெயரும் மின் இணைப்பிலுள்ள பெயரும் மானியம் வந்து சேரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னெழுத்து மாறியிருந்தாலும், ஓரிடத்தில் "லெட்சுமணன்" என்றும் இன்னோரிடத்தில் "லக்ஷ்மணன்" என்றும் இருந்தாலும் விண்ணப்பம் இடையில் நின்றுவிடும்.

பெயர் மாற்றத்துக்கு வீட்டு வரி ரசீது, பத்திரம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல், பழைய உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் ஆகியவை தேவைப்படும். பல புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்) சேர்ந்த பொது வீடென்றால், ஒருவர் சென்னையிலும் ஒருவர் மலேசியாவிலும் இருப்பார்கள். கையெழுத்து வாங்குவதற்கே மாதங்கள் ஓடும். எல்லோரும் ஊருக்கு வரும் திருவிழாவையோ கல்யாணத்தையோ ஒட்டி இந்தக் காகிதங்களை எழுதி முடித்துக்கொள்வது நல்லது. அதே ஒப்புதல் கடிதத்தில், "பொதுத் தளத்தில் பேனல் பொருத்தவும், அதன் மின்சாரத்தை இன்ன இணைப்பில் சேர்க்கவும் ஆட்சேபம் இல்லை" என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டு, பேனலுக்கு இரண்டாம் முறை போய் நின்றால் முகம் கோணும்.

ரசீதில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள்: இணைப்பு ஒருமுனையா மும்முனையா என்பதும், அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதும். பழைய இணைப்புகளில் பளு மிகக் குறைவாகப் பதிவாகியிருக்கும். நீங்கள் அமைக்கப்போகும் சோலார் அதைத் தாண்டுமானால் பளுவை உயர்த்தக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம். வீட்டை விடுதியாக மாற்றியிருப்பவர்கள் வணிகக் கட்டணத்தில் இருப்பார்கள் என்பதால், வீடுகளுக்கான இந்த மானியம் அவர்களுக்குக் கிடைக்காது.

2. எந்த வகை அமைப்பு என்று முடிவு செய்யுங்கள்

வகைகள் மூன்று. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்தது ஆன்-கிரிட். வாரியக் கம்பிக்கு எதையும் அனுப்பாமல் பேட்டரியை நம்பி இயங்குவது ஆஃப்-கிரிட். இரண்டையும் சேர்த்தது ஹைபிரிட்.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், வாரிய மின்சாரம் நின்ற அந்தக் கணமே தானும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தினாலும் உங்கள் வீட்டில் ஒரு விளக்குகூட எரியாது. கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடாமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது. கோளாறு என்று எண்ண வேண்டாம். எங்களிடம் வந்த ஒரு விற்பனையாளர், "கரண்ட் போனாலும் பகல்ல ஓடும் சார்" என்று கூசாமல் சொல்லிவிட்டு, கையில் கொடுத்த விலைப்பட்டியலில் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரைத்தான் எழுதியிருந்தார். வாயால் சொல்வதை விட்டுவிட்டு, பட்டியலிலுள்ள மாதிரி எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் செலவழிப்பவருக்கு, பணக்கணக்கில் மட்டும் பார்த்தால் சோலார் பெரிய லாபம் தராது; தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த படிகளும் விலை குறைந்தவை. 500 யூனிட்டைத் தாண்டுகிறவர்களுக்குக் கதை வேறு: தாண்டிய யூனிட்டுகளின் விலை கூடுவதோடு, கீழ்ப்படிகளின் சலுகையிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. பேட்டரியைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான்: பகலில் மிஞ்சும் மின்சாரத்தை வாரியம் கணக்கில் ஏற்றிக்கொள்ளும் வரையில், பேட்டரி தன் விலையைத் தானே சம்பாதித்துத் தராது. மின்தடையில் வீடு இருளாமல் இருப்பதற்காகவே அதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால், அளவை அடக்கமாக வைத்துக்கொள்ளத் தோன்றும்.

இந்தக் கட்டுரையின் மீதி, ஹைபிரிட் அமைப்பைப் பற்றியது.

3. இரவுப் பட்டியலை எழுதுங்கள்

ஒரு தாளில் பொருள், வாட், மணி நேரம் என்று மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை மின்சாரமே இல்லை என்று வைத்துக்கொண்டு, எது ஓடியே ஆக வேண்டுமோ அதை மட்டும் எழுதுங்கள். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது ஏறத்தாழ இப்படி வரும்: குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி நான்கு, எட்டு மணி நேரம், 960 வாட்-மணி. 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஆறு, ஐந்து மணி நேரம், 270. குளிர்சாதனப் பெட்டி இரவுக்கு 600. தொலைக்காட்சி மூன்று மணி நேரம், 270. வைஃபையும் கண்காணிப்புக் கேமராவும் சேர்த்து இரவு முழுவதும் 360. கூட்டினால் 2,460 வாட்-மணி. 1,000 வாட்-மணி ஒரு யூனிட் என்பதால், இரண்டரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

பழைய மின்விசிறி ஒவ்வொன்றும் 75 வாட் இழுக்கும். அதே நான்கு விசிறிகளைப் பழைய வகையாகவே விட்டால் 960 என்பது 2,400 ஆகிவிடும். விசிறிகளை மாற்ற ஒன்றுக்கு மூவாயிரம் ரூபாய் அளவில் ஆகும் என்றாலும், பேட்டரியில் மிச்சமாகும் தொகை அதைவிடப் பெரியது. எனவே விசிறியை மாற்றிவிட்டுப் பிறகு பேட்டரி வாங்குங்கள்.

பட்டியலில் சேர்க்கக் கூடாதவை: வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, ஆழ்துளைக் கிணற்று மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 1.1 கிலோவாட் இழுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப் போல மூன்று முதல் ஆறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். அதற்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்குவதைவிட, பகலில் மின்சாரம் இருக்கும்போது மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொள்வது எளிது. ஏ.சி.யை எழுதலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விவாதம் நடக்கும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. இரவு எட்டு மணி நேரத்துக்கு நான்கு முதல் ஐந்து யூனிட் வரை எடுக்கும். மற்ற அனைத்தும் சேர்ந்து எடுப்பதைப் போல இரண்டு மடங்கு. வயதானவர்களோ நோயாளிகளோ இருந்தால் ஒழிய, மின்தடை நேரத்துக்கு ஏ.சி. வேண்டாம் என்பேன்.

கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் வீடு நிறைந்திருக்கும் இரண்டு நாட்களுக்காகக் கணக்குப் போடவே போடாதீர்கள். அந்த நாட்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கும்.

4. பேட்டரியின் அளவும் வகையும்

2,460 வாட்-மணியை இன்வெர்ட்டரின் இழப்புக்காக 0.9 ஆல் வகுத்தால் 2,733 வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை பயன்படுத்தலாம் என்று கொண்டு இதை 0.8 ஆல் வகுத்தால் சுமார் 3,420. கடைகளில் கிடைக்கும் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி 5.12 யூனிட் கொள்ளும். ஆகவே ஒன்று தாராளமாகப் போதும். டியூபுலர் ஈய-அமில பேட்டரி என்றால் பாதியளவுக்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும் என்பதால் 0.5 ஆல் வகுக்க வேண்டும், 5,466 வரும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 1,800 என்பதால் மூன்று போதாது, 48 வோல்ட்டுக்காக நான்கைத் தொடராக இணைக்க வேண்டும்.

நான்கு டியூபுலர் பேட்டரிகளின் விலை 60,000 முதல் 70,000 ரூபாய் அளவிலும், 5 யூனிட் லித்தியம் ஒன்றின் விலை ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரையிலும் சொல்கிறார்கள். முதல் பார்வைக்கு டியூபுலர் மலிவு. ஆனால் அது தாங்கும் சுழற்சிகள் (ஒருமுறை சார்ஜ் ஏற்றி வடிப்பது ஒரு சுழற்சி) ஆயிரத்துச் சொச்சம். லித்தியம் பாஸ்பேட் நாலாயிரத்துக்கு மேல் தாங்கும். டியூபுலருக்கு வடிநீர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமும் வேண்டும். தினமும் ஆள் இருந்து கவனிக்கும் வீட்டில், மின்தடையும் எப்போதாவதுதான் என்றால் டியூபுலர் போதும். மற்றவர்களுக்கு லித்தியம்.

வைக்கும் இடம் விலையைவிட முக்கியம். ஈய-அமில பேட்டரிக்கு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற சிக்ரி நிறுவனம் இருக்கும் காரைக்குடியிலேயே, மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் பேட்டரியை வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். நம் வீடுகளின் தடித்த சுவர்களுக்குள் இரண்டாங்கட்டு அறைகள் கோடையிலும் குளுமையாக இருக்கும். அவற்றில் சன்னல் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படுக்கை அறையும், பழைய பெட்டகமும் மரச்சாமானும் அடைத்துக் கிடக்கும் அறையும் வேண்டாம்.

5. இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பொருட்களின் வாட்டைக் கூட்டுங்கள். மேற்சொன்ன பட்டியலோடு 750 வாட் மிக்ஸியும் சேர்ந்து ஓடினால் 1.2 கிலோவாட் வரும். குளிர்சாதனப் பெட்டி கிளம்பும்போது கொஞ்சம் கூடும். 3 கிலோவாட் போதும். பிறகு பேனலைக் கூட்டும் எண்ணம் இருந்தால் 5 கிலோவாட் வாங்கலாம்.

பேட்டரிப் பக்கம் 48 வோல்ட்டாக இருக்கட்டும். 3,000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 250 ஆம்பியர் ஓடும். 48 வோல்ட்டில் 63 ஆம்பியர்தான். கேபிள் சூடாவதும் இணைப்பு முனை கருகுவதும் இந்த ஆம்பியரால்தான்.

விற்பனையாளர்கள் சொல்லாமல் விடும் ஒன்று, பேனல் பக்கத்து வோல்ட் வரம்பு. 540 வாட் பேனல் ஒன்றின் திறந்த வோல்ட்டேஜ் (எதோடும் இணைக்காதபோது காட்டுவது) 49.5 அளவில் இருக்கும். ஆறைத் தொடராக இணைத்தால் 297 வோல்ட். இன்வெர்ட்டரின் எம்.பி.பி.டி. வரம்பு (பேனலிலிருந்து அது ஏற்றுக்கொள்ளும் வோல்ட் அளவு) 120 முதல் 450 வோல்ட் என்றிருந்தால் ஆறையும் ஒரே வரிசையாக இணைக்கலாம். விலை குறைந்த சில இன்வெர்ட்டர்கள் 145 வோல்ட்டுக்கு மேல் தாங்காது; அவற்றில் இரண்டிரண்டாகத்தான் இணைக்க முடியும். தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் நம் வீடுகளில் இது பெரிய வேறுபாடு. தளத்திலிருந்து இன்வெர்ட்டர் அறைக்கு 40 மீட்டர் என்றால், ஆறும் தொடராக இருக்கும்போது 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 13 ஆம்பியர் ஓடி 5 வோல்ட் அளவுக்கே இழப்பு, அதாவது 2 சதவீதம். மூன்று ஜோடிகளை இணையாகச் சேர்த்து அதே கேபிளில் கொண்டுவந்தால், மூன்று மடங்கு மின்னோட்டமும் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டேஜும் சேர்ந்து, இழப்பின் சதவீதம் ஒன்பது மடங்காகிவிடும்.

லித்தியம் வாங்குகிறவர்கள், இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு கொண்டவையா என்று இரு நிறுவனங்களின் பொருத்தப் பட்டியலிலும் பாருங்கள். டியூபுலரானால் சார்ஜிங் மின்னோட்டத்தை ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்குக்கு, 150-க்கு 15 ஆம்பியர் என்று அமைக்கச் சொல்லுங்கள். பொருத்த வருபவர்கள் ஆலையில் வைத்த அமைப்பை அப்படியே விட்டுப் போய்விடுவது வழக்கம்.

6. எத்தனை பேனல், எந்தப் பக்கம்

நம் பகுதியில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாத ரசீதில் 600 யூனிட் என்றால் நாளுக்கு 10. அதற்கு இரண்டரை கிலோவாட், முழுதாக்கினால் 3. 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட். இடம் 300 சதுர அடி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி நன்றாகக் குறையும். அதை ஈடுகட்டப் பேனலைக் கூட்ட வேண்டாம், வாரியக் கம்பி அதற்காகத்தான் இருக்கிறது. கடுங்கோடையில்தான் அதிகம் வரும் என்று எண்ணுவதும் சரியல்ல. பேனலின் மேற்பரப்பு 65 பாகை வரை சுடும்போது, அளவீட்டு வெப்பநிலையான 25 பாகையைவிட 40 பாகை கூடுதல், பாகைக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீத உற்பத்தி போய்விடும். பேனலுக்கு அடியில் காற்று புகும் அளவுக்கு இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்.

தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சாய்வு போதும். நிழலைப் பார்க்கும்போது தெற்கை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணியின் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மார்கழியில் தெற்கே நன்றாகத் தாழ்ந்து போகும். வடபுறத்துப் பக்கத்து வீட்டு மாடி, தென்புறத்துத் தென்னை, முகப்பின் மேல் நிற்கும் சுதைச் சிற்பங்கள் எல்லாம் வெவ்வேறு மாதங்களில் நிழல் தரும். காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று மணிக்குத் தளத்தில் நின்று நிழலின் ஓரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டுக்கொள்ளுங்கள். தொடரிலுள்ள ஒரு பேனலில் சிற்பத்தின் தலை நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் இறங்கும்.

7. தளம் தாங்குமா?

ஓட்டுக் கூரையில் வைக்க வேண்டாம். நாட்டு ஓடு அடுக்கிய கூரையில் ஆள் ஏறினாலே உடையும். உடைந்த ஓட்டை மாற்றுவதற்குள் மழை வந்தால் கீழே தேக்கு விட்டம் ஊறும்.

பழைய மாடித் தளங்களில் மூன்று வகை உண்டு. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்வது அவசியம். கான்கிரீட் தளமானால் கவலையில்லை. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டு மேலே தட்டோடு பதித்த தளமானால், துளையே போடக் கூடாது. பொருத்த வருபவர்கள் நான்கு அங்குல ஆங்கர் போல்ட்டோடு வருவார்கள். அது காரையில் பிடிக்காது, பிடித்தாலும் அந்தத் துளை வழியாக நீர் இறங்கிச் சட்டத்தின் தலை இற்றுப்போகும். கீழே நின்று மேல்தளத்தை அண்ணாந்து பாருங்கள்: சட்டம் சுவருக்குள் நுழையுமிடத்தில் வெண்மையாக உப்புப் பூத்தோ, மரத்தூள் உதிர்ந்தோ இருந்தால் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள். மூன்றாவது வகை, பின்னாளில் பழைய காரையின் மேலேயே சிமென்ட் பூசியது. மேலே நின்று பார்த்தால் கான்கிரீட் போலவே தெரியும் என்பதால் இதுதான் ஏமாற்றும்.

காரைத் தளத்தில் வைத்தே ஆக வேண்டுமானால், கட்டட வடிவமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிட்டு, துளையிடாத கான்கிரீட் எடைக்கட்டைகளின் மேல் தாங்கியை நிறுத்துங்கள். கட்டைகள் சுமைதாங்கும் சுவர்களுக்கு நேர் மேலே அமரட்டும்; இரண்டு சுவர்களுக்கு நடுவே வேண்டாம். எடையைக் குறைக்கவும் முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டையையும் நம் பக்கத்தையும் கடந்தபோது வீசிய காற்றை நினைவில் வைத்து, தாங்கி எத்தனை கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு வடிவமைக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். தளம் தாங்கும் எடையும் காற்றுக்கு வேண்டிய எடையும் ஒத்துவராத வீட்டில், பின்கட்டுக்குப் பின்னாலுள்ள வெற்றிடத்தில் இரும்புக் கால்களின் மேல் உயர்த்தி அமைப்பதே மேல். செலவு கொஞ்சம் கூடும், வீடு பிழைக்கும்.

மழைநீர் தூம்புகளுக்கு எதிரே கட்டை வைத்துத் தண்ணீரைத் தேக்கிவிட வேண்டாம்.

8. பழைய வயரிங்கைப் பிரியுங்கள்

ஹைபிரிட் இன்வெர்ட்டரில் இரண்டு வெளியீடுகள் இருக்கும்: ஒன்று வாரியக் கம்பியோடு பேசுவது, மற்றொன்று மின்தடையின்போதும் ஓட வேண்டியவற்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும் பேக்கப் முனை. இரவுப் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் ஒரு தனி டி.பி. பெட்டிக்கு (மின் பகிர்வுப் பெட்டி) கொண்டுவந்து பேக்கப் முனையில் சேர்க்க வேண்டும். கேட்பதற்கு எளிது. எங்கள் பட்டாலையின் சுவிட்சுப் பெட்டியைக் கழற்றியபோது, மூன்று அறைகளின் நியூட்ரல் கம்பிகள் துணிநாடா சுற்றிய ஒரே முடிச்சுக்குள் கிடந்தன. "அண்ணே, நியூட்ரலப் பிரிக்காம பேக்கப் கொடுத்தா ட்ரிப் ஆகிக்கிட்டேதான் இருக்கும்" என்றார் எலக்ட்ரீஷியன். அவர் சொன்னது முற்றிலும் சரி: பேக்கப் பக்கத்து ஃபேஸ் ஒரு வழியாகப் போய், நியூட்ரல் வேறு வழியாகத் திரும்பினால், மின்கசிவு கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உடனே விழும்; அதைத் தவிர்க்க ஆர்.சி.சி.பி.யையே எடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங் உள்ள வீட்டில், பேக்கப் சுற்றுக்கு மட்டுமாவது புதுக் கம்பி இழுத்துவிடுங்கள். இந்தச் செலவு எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது. தனியாக ஒதுக்கி வையுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சாதாரண யு.பி.எஸ். இருந்தால், ஹைபிரிட் வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். இரண்டும் ஒரே சுற்றில் இருக்கக் கூடாது.

9. எர்த்தும் இடிதாங்கியும்

பேனல் தாங்கிக்கு ஒன்று, இன்வெர்ட்டர் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று எர்த் குழிகள் தனித்தனியாக வேண்டும். நம் பகுதியின் செம்புராங்கல் நிலம் கோடையில் காய்ந்து எர்த்தைப் பிடிக்காது. மழை முடிந்த கையோடு அளந்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதை ஏற்க வேண்டாம்; பங்குனி, சித்திரையில் அளந்தாலும் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். குழிக்குத் தண்ணீர் ஊற்ற வழி விட்டு மூடி போடச் சொல்லுங்கள். பேனலிலிருந்து வரும் டி.சி. மின்சாரப் பக்கமும், வீட்டுக்குப் போகும் ஏ.சி. மின்சாரப் பக்கமும் மின்னலெழுச்சித் தடுப்பான் இருக்கிறதா என்று விலைப்பட்டியலில் பாருங்கள்.

10. விண்ணப்பமும் மானியமும்

பி.எம். சூர்ய கர் இணையதளத்தில் மின் இணைப்பு எண், கைபேசி எண், ஆதார், ரசீது ஆகியவற்றோடு பதிவுசெய்து, அங்கே பதிவுபெற்ற விற்பனையாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. ஆக 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உச்ச வரம்பு 78,000 ரூபாய். பேட்டரிக்கு மானியம் இல்லை. வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்புக்கே கிடைக்கும் என்பதால் ஆஃப்-கிரிட் போடுகிறவர்களுக்கு எதுவும் இல்லை. பேனல்கள் உள்நாட்டுச் செல்கள் கொண்ட டி.சி.ஆர். வகையாக இருக்க வேண்டும். அவை சற்று விலை கூடியவை. "டி.சி.ஆர். வேண்டாம், மலிவாகத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அதோடு மானியமும் போகிறது என்று பொருள்.

மானியம் உங்கள் கணக்குக்கு வரும். முழுத் தொகையை முதலில் நீங்கள் கட்ட வேண்டும், அல்லது இத்திட்டத்தின் கீழ் வங்கிக் கடன் வாங்க வேண்டும். பொருத்தி முடித்ததும் உதவிப் பொறியாளர் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்து, இருவழி மீட்டர் மாட்டுவார்கள். மீட்டர் மாட்டும் வரை ஆன்-கிரிட் பகுதியை ஓட்டவே கூடாது: சில பழைய டிஜிட்டல் மீட்டர்கள், வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகவே ஏற்றிக்கொள்ளும். தை, மாசியில் வேலையைத் தொடங்கினால் கோடை மின்தடைகளுக்கு முன் முடித்துவிடலாம்.

11. செலவும் விலைப்பட்டியலும்

3 கிலோவாட் ஆன்-கிரிட் மட்டும் என்றால் மானியத்துக்கு முன் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். ஹைபிரிட் இன்வெர்ட்டருக்காக மேலும் 40,000 முதல் 60,000, லித்தியம் பேட்டரிக்காக ஒரு லட்சத்துக்கு மேல், வயரிங், எர்த் என்று சேர்த்தால் மூன்றரை லட்சத்திலிருந்து நான்கு லட்சம் வரை எதிர்பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வீதத்தில் பட்டியல் தருபவரிடம் கேளுங்கள்.

பட்டியலில் பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி ஒவ்வொன்றின் மாதிரி எண்ணும், கேபிளின் தடிமனும், உத்தரவாதத்தை யார் தருகிறார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். "லம்ப்சம்" என்று ஒரே வரியில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். கடைசி 10 சதவீதத்தை இருவழி மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகே கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது; முழுப் பணமும் கைக்குப் போன பிறகு மீட்டருக்காக வாரிய அலுவலகத்துக்கு நடப்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

12. பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தால்

ஆண்டில் பெரும்பகுதி காவலாளி மட்டும் இருக்கும் வீட்டுக்கு, டியூபுலர் பேட்டரி பொருந்தாது. வடிநீர் வற்றினால் கவனிக்க ஆளில்லை. லித்தியத்தை நீண்ட நாள் முழுச் சார்ஜில் நிறுத்தாமல் பாதி அளவுக்கு வைத்துவிட்டுப் போகலாம். இன்வெர்ட்டரை வைஃபையில் சேர்த்துவிட்டால் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டே உற்பத்தியைப் பார்க்கலாம். அந்தக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும், பொருத்தியவரின் மின்னஞ்சலில் வேண்டாம்.

வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேனலைக் கழுவச் சொல்லுங்கள். மயில்கள் வந்து அமரும் ஊரில் இன்னும் அடிக்கடி. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும்; சேமித்த மழைநீரே நல்லது, இல்லாவிட்டால் கழுவியதும் துடைத்துவிட வேண்டும். கழுவுவது காலை ஏழு மணிக்கு முன்பாக இருக்கட்டும். சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். சோப்பும் கம்பி நாரும் வேண்டாம், மென்மையான துணி போதும். திட்டத்தின்படி விற்பனையாளர் ஐந்தாண்டுகள் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்பதால், அவரது தொலைபேசி எண்ணையும், எந்த சுவிட்சை எந்த வரிசையில் அணைக்க வேண்டும் என்பதையும் தமிழில் எழுதி இன்வெர்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.